தாட்சாயினி அக்காவின் வள்ளமும் தரைதட்டிய கல்யாணமும்

ஐம்பத்தாறாவது வயதில் தாட்சாயினி அக்கா ஒரு வள்ளம் வாங்கினார். சிட்னி மெரிலேண்ட்ஸில் அவரைத் தெரிந்தவர்கள் ஒருவரும் முதலில் நம்பவில்லை. பஸ் ஓட்டுகிற மனுசி பஸ் வாங்கினார் என்றாலாவது நம்பியிருப்போம்.

அவர் பஸ் ஓட்டத் தொடங்கிப் பதினெட்டு வருடம். பரமட்டாவிலிருந்து புறப்படுகிற பாதைகள் எல்லாமே அவருக்கு அத்துபடி. எந்தத் திருப்பத்தில் எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த நிறுத்தத்தில் எந்தக் கிழவர் சில்லறையைத் தேடுவதுபோல் பாவனை செய்வார் என்பதுவரை தெரியும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அப்படித் தலை சுற்றியிருக்க வேண்டும்.

வேலைத்தலத்துக் கூட்டாளிகள் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சிட்னிக்கு வடக்கே கோவன் கிரீக்குக்குப் போனார்கள். அது பேருக்குத்தான் ஓடை. உண்மையில், மலையைப் பிளந்துகொண்டு கடல் உள்ளே வந்து படுத்திருக்கிற இடம். இரண்டு பக்கமும் தேன்கூடுபோல அரித்துப்போன மணற்பாறைகள். அந்தப் பாறை வெடிப்புகளில் வேர்விட்டு, ரோஸ் நிறப் பட்டையோடு தண்ணீருக்கு மேலே சரிந்து நிற்கிற மரங்கள். படகை ஓட்டியவர், "ஒருக்கா பிடிச்சுப் பார்" என்று சுக்கானை அக்காவிடம் கொடுத்தார்.

"முன்னுக்குப் பார்த்தா சுவர்," என்று அக்கா எனக்குச் சொன்னார். "பாறைச் சுவர். இதோட பாதை முடிஞ்சுது எண்டு நினைச்சன். கிட்டப் போகப் போக, அந்தச் சுவர் கதவு திறக்கிற மாதிரி அப்பிடியே விலகிச்சு பார். அதுக்கங்கால இன்னொரு தண்ணி. அதிலயும் ஒரு சுவர். அதுவும் திறந்துது. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. நிப்பாட்டவே ஏலாமப் போச்சு."

கூட்டாளிகள், அவருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்களாம்.

அக்காவின் கணவர் சிறி அண்ணை, மூக்குக்கண்ணாடிக்கு வில்லை வெட்டுகிற வேலை பார்ப்பவர். அரை மில்லிமீற்றர் பிழைத்தாலும் அவருக்கு நித்திரை வராது. நீந்தவும் தெரியாது. அவரிடம் அக்கா செய்தியைச் சொன்னது, அவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது.

"இஞ்சேருங்கோ, நான் ஒரு வள்ளம் வாங்கிட்டன்."

"என்ன, பள்ளமோ?"

"வள்ளமப்பா. எஞ்சின் வைச்ச வள்ளம். ஆறு மீற்றர். முன்னுக்கு ஒரு சின்ன அறையும் இருக்கு, ரெண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம்."

சிறி அண்ணை கத்தியைக் கீழே வைத்தார். "உமக்கு விசரே?"

அக்காவுக்கு அந்தக் கேள்வி நன்றாகப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த கிழமையே பெயர் எழுதுகிற ஆளைப் பிடித்து, வள்ளத்தின் இரண்டு பக்கமும் நீல நிறத்தில், தமிழில், கொட்டை எழுத்தில் 'விசர்' என்று எழுதுவித்துவிட்டார்.

லைசென்ஸுக்குப் படித்ததுதான் பெரிய வேடிக்கை. அவுஸ்திரேலிய வீதியில் பதினெட்டு வருடம் இடப்பக்கம் ஓடியவர், தண்ணீரில் வலப்பக்கம் ஓட வேண்டும். மெரிலேண்ட்ஸ் நடைபாதையில் அவர் வலது ஓரமாக நடந்து பழகுவதை நானே கண்டிருக்கிறேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் முட்டிக்கொண்டார்கள். ஆனாலும் சோதனையில் ஒரேயொரு கேள்விதான் பிழைத்தது.

இறக்குதுறையில் முதல் நாள், காருக்குப் பின்னால் கட்டிய இழுவையில் ஏற்றிய வள்ளத்தைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். பழகிய ஆண்களே நாலைந்து தரம் முன்னும் பின்னும் போய் வேர்த்துக் கொட்டுகிற வேலை அது. அங்கே நின்றவர்கள், சேலைக்கடைப் பையைத் தோளில் மாட்டிய இந்த மனுசி என்ன செய்யப் போகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்களாம். அக்கா கண்ணாடிகளை ஒருமுறை பார்த்தார், ஒரே மூச்சில் நேராக இறக்கினார். யாரோ கை தட்டினார்கள். "பன்னிரண்டு மீற்றர் பஸ்ஸை பள்ளிக்கூட வாசல்ல திருப்பினவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையே?" என்றார் என்னிடம்.

சிறி அண்ணை முதல் மூன்று மாதம் கரையோடு சரி. பிறகு, 'தனியப் போறாளே' என்ற பயம், தண்ணீர்ப் பயத்தை வென்றுவிட்டது. வீட்டு வாசலில் காரில் ஏறும்போதே உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சீற் பெல்ற்றையும் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். வழியில் சிக்னலில் நின்ற பக்கத்துக் காரில் இருந்த குழந்தை ஒன்று அவருக்குக் கை காட்டியது.

இப்படி அவர்கள் ஐந்தாறு சனிக்கிழமைகள் போய்வந்த பிறகுதான், மார்ச் மாதத்தில் அந்தச் சம்பவம் நடந்தது.

அன்று வெயில் பளபளவென்று இருந்தது. காலை ஒன்பது மணிக்கே இறங்கிவிட்டார்கள். சிறி அண்ணையின் வேலை, கயிறு பிடிப்பதும் ஆழமானியைப் பார்த்து இலக்கத்தை வாசிப்பதும். "ஒன்பது மீற்றர்... பதினொண்டு... பதினாலு, ஐயோ," என்று, கூடக் கூடக் குரலும் உயர்ந்துகொண்டே போகும். அக்காவுக்கோ ஆழம் கூடினால் கொண்டாட்டம். பாறை நிழலில் தண்ணீர் கரும்பச்சையாகக் கிடந்தது. வெயில் பட்ட இடத்தில் அதே தண்ணீர் கண்ணாடித்தூள் கொட்டியதுபோல் மினுங்கியது. சாப்பாட்டுத் தட்டளவு சொறிமுட்டைகள், அதுதான் ஜெல்லி மீன்கள், மெதுவாகக் குடை விரித்து மூடிக்கொண்டு போயின. அக்கா ஒவ்வொரு வளைவிலும் "அடுத்தது, அடுத்தது" என்றார். அப்படியே பக்கத்துக் கிளையான ஸ்மித்ஸ் கிரீக்குக்குள் திரும்பி வெகுதூரம் போய்விட்டார்கள்.

அங்கே ஒரு வளைவைத் தாண்டியதும் நாதஸ்வரம் கேட்டது.

சிறி அண்ணை அக்காவைப் பார்த்தார். அக்கா எஞ்சினைத் தணித்தார். நாதஸ்வரம்தான். பாறையில் பட்டு எதிரொலித்து இரண்டு மடங்காக வந்தது. எதிரே, வாடகைக்கு எடுக்கிற பெரிய படகு வீடு ஒன்று, முன்பக்கம் சேற்றில் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் கூரையில் நாதஸ்வரம் பாடுகிற ஒலிபெருக்கி, சுற்றிவரச் செவ்வந்தி மாலைகள். சாய்வு காரணமாக எல்லா மாலையும் ஒரே பக்கம் ஆடிக்கொண்டிருந்தன. மேல்தளத்தில் பட்டு வேட்டி கட்டிய ஒருவர், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துண்டை வீசிக்கொண்டிருந்தார்.

"மேடம்! மேடம்! இங்க வாங்க! தமிழா நீங்க? முருகா, தமிழேதான்!" அவர் வள்ளத்தின் பக்கவாட்டைப் படித்துவிட்டுத் திகைத்தார். "அது என்னங்க, 'விசர்'?"

"பைத்தியம் எண்டு அர்த்தம், அண்ணா!" என்று அக்கா கத்தினார்.

"சரியான வண்டிதான் வந்திருக்கு," என்றது கீழிருந்து ஒரு குரல். அரக்குப் பட்டும், தலை நிறையப் பூவும், காலில் ரப்பர் செருப்புமாக ஒரு பெண் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். கல்யாணப் பெண்.

படகு வீட்டின் பின்பக்கம் சேற்றுக்கு வெளியே நின்றது; அக்கா வள்ளத்தை மெல்ல அதோடு அணைத்தார். சிறி அண்ணை "ஒண்டு தசம் ரெண்டு... ஒண்டு..." என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். கயிற்றைக் கட்டியதும் விசயம் வெளியே வந்தது.

வேட்டிக்காரர் கிருஷ்ணசாமி, மெல்பேர்னில் கிளென் வேவர்லிக்காரர், பெண்ணின் தகப்பன். பெண் பிரவீணா. மாப்பிள்ளை சிட்னிப் பையன், நார்த்மீட்டில் இருக்கிற இலங்கைக் குடும்பம், பெயர் அனுஷன். கல்யாணம் பன்னிரண்டரைக்கு, கோவன் கிரீக்கின் மேற்கோடியில் இருக்கிற பொபின் ஹெட் புல்வெளியில். பெண் வீட்டார் ஒன்பது பேர், பெண்ணைத் தண்ணீர் வழியாக ஊர்வலமாக அழைத்துவருகிறோம் என்று இந்தப் படகு வீட்டை எடுத்திருந்தார்கள். இதை ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. கிருஷ்ணசாமியே ஓட்டினார்.

"அந்தப் பாறை பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுக்கலாம்னு கொஞ்சம் உள்ள விட்டேங்க. கொஞ்சம்தான்," என்றார் அவர்.

"மூணு தடவ சொன்னேன்," என்றது உள்ளேயிருந்து இன்னொரு குரல். அது அவருடைய மனைவி சந்திரகலா.

நீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். ஏறிய படகு ஏறியபடியே நின்றுவிட்டது. வாடகைக்குக் கொடுத்தவர்களை ரேடியோவில் கூப்பிட்டதற்கு, ஐந்து மணிக்குப் பெருக்கு வந்ததும் தானாகக் கிளம்பும், பயமில்லை என்றார்களாம். பயமில்லைதான். ஆனால் பொபின் ஹெட்டில் மாப்பிள்ளையும் நாற்பது விருந்தாளிகளும் காத்திருந்தார்கள். பதிவு செய்துவைக்கிற அம்மாவுக்கு மூன்று மணிக்கு வேறு இடத்தில் இன்னொரு கல்யாணம். அவர் இரண்டு மணிக்குப் புறப்பட்டாக வேண்டும். மலை இடுக்கில் போன் ஒன்றும் வேலை செய்யவில்லை. நேரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

அக்கா உடனே கணக்குப் போட்டார். வள்ளத்தில் ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது. தாங்கள் இருவர் போக நாலு பேர். "முதல்ல பொம்பிளையும் தாய் தகப்பனும் இன்னொராளும். மற்றவையைப் பிறகு வந்து ஏத்துறன். கெதியா, கெதியா."

அங்கேதான் சிக்கல். சந்திரகலா அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து ஆறு கிழமைதான். பொல்லை ஊன்றி நடப்பார். ஆனால் சாய்ந்து நிற்கிற படகு வீட்டிலிருந்து ஆடுகிற வள்ளத்துக்குள் கால் வைத்து இறங்குவது நடக்காத காரியம். இரண்டு பேர் பிடித்துப் பார்த்தார்கள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "நான் வரல. நீங்க போங்க. வீடியோல பாத்துக்கிறேன்," என்றார்.

"அம்மா வராம நான் எங்கயும் வரல," என்றாள் பிரவீணா.

"போடி. தாலி கட்ட நான் எதுக்கு?"

"வரலன்னா வரலதான்."

படகு வீடு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. உள்ளே ஒரு பாத்திரம் வழுக்கிப்போய் மடார் என்று விழுந்தது. கிருஷ்ணசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

தாட்சாயினி அக்கா பிரவீணாவைப் பார்த்தார், பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். "பிள்ளை, கல்யாணத்தை இந்த இடத்திலதான் வைக்கவேணும் எண்டு சட்டம் ஏதும் இருக்கோ?"

"இல்ல ஆன்ட்டி. ஜூடித் சரின்னு சொன்னா எங்க வேணா வெச்சுக்கலாம்." ஜூடித் என்பது அந்தப் பதிவுக்கார அம்மா.

"அப்ப ஏன் நீங்கள் அங்க போறியள்? நான் மாப்பிளையை இஞ்ச கொண்டு வாறன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். சிறி அண்ணை அதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

அன்று அந்த ஓடையில் 'விசர்' போன வேகம் அதுவரை போகாத வேகம். வலப்பக்கப் பாறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் ஓடின. தண்ணீர்த்தூள் முகத்தில் அறைந்தது. அக்கா தொண்டை திறந்து ஏதோ ஒரு தாளத்தில் "தந்தனத் தானன" என்று பாடினார். சிறி அண்ணை இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி, "பதினாறு மீற்றர்! பதினாறு!" என்று கத்தினார். இந்த முறை அதில் பயம் இருக்கவில்லை என்று அவரே என்னிடம் ஒத்துக்கொண்டார்.

ஆனால் பொபின் ஹெட்டுக்குக் கிட்ட மெதுவாகப் போக வேண்டிய எல்லைப் பலகை வந்ததும், அக்கா பஸ் பள்ளிக்கூட வலயத்துக்குள் நுழைகிற மாதிரி சட்டென்று வேகத்தைக் குறைத்துவிட்டார். நடை வேகம்.

"நேரம் போகுதப்பா!" என்றார் சிறி அண்ணை.

"போகட்டும். சட்டம் சட்டம்தான்."

அப்படி ஆமைபோல நகர்ந்து வரும்போதே துறை தெரிந்தது. நாற்பது பேரும் தண்ணீர் ஓரத்துக்கு வந்து நின்றார்கள். நடுவே பட்டு வேட்டியில் மாப்பிள்ளை, முகத்தில் இரத்தமே இல்லை. பெண் வீட்டார் ஒருவரும் வரவில்லை, போனும் இல்லை, பன்னிரண்டுக்கே வந்திருக்க வேண்டியவர்கள், முக்கால் மணித்தியாலம் பிந்திவிட்டார்கள். பின்னால் நின்ற பெண்கள் ஏற்கெனவே காதுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள். சிறி அண்ணைக்கு அது விளங்கியது. வாழ்க்கையில் ஒருபோதும் குரலை உயர்த்தாத அந்த மனுசர் வள்ளத்தில் எழுந்து நின்று, கையை வாயில் குவித்து, வானம் அதிரக் கத்தினார்.

"பொம்பிளை ஓடேல்லை! தரைதட்டிட்டா!"

அந்த நாற்பது பேரும் சிரித்த சிரிப்பில் துறையில் இருந்த வாத்துகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. அனுஷன் சிரித்தானா அழுதானா என்று யாருக்கும் தெரியவில்லை. கேள்வி ஒன்றும் கேட்காமல் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வள்ளத்துக்குள் குதித்தான்.

ஜூடித் எழுபது வயதை நெருங்கிய வெள்ளைக்கார அம்மா. விசயத்தைக் கேட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சப்பாத்தைக் கழற்றினார், பதிவுக் காகிதக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். இந்த மாதத்தில் தனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த அழைப்பு இதுதான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அனுஷனின் தாயும் தகப்பனும் ஏறினார்கள். ஆறு பேர். அப்போது ஏழாவதாக ஒரு கால் உள்ளே வந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா சேகர்.

"அங்கிள், இடமில்லை. இறங்குங்கோ," என்றார் அக்கா.

"நான் மெலிவு தங்கச்சி, ஒரு மூலைக்குள்ள நிப்பன்."

"மெலிவோ தடிப்போ, நான் தலையைத்தான் எண்ணுவன்."

"அப்ப இவரை இறக்குங்கோவன்!" சேகர் சிறி அண்ணையைக் காட்டினார்.

அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தார். முதல் மூன்று மாதமும் கரையில் நிற்கக் காரணம் தேடிய மனிதருக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. சிறி அண்ணை கயிற்றை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நான் இறங்கன்," என்றார். "கயிறு ஆர் பிடிக்கிறது? ஆழம் ஆர் வாசிக்கிறது?"

சேகர் கரையில் நின்றார். ஆனால் கோபிக்கவில்லை. ஓடிப்போய்ச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு வாளி நிறைய உளுந்து வடையைத் தூக்கிவந்து, நகரத் தொடங்கிய வள்ளத்துக்குள் நீட்டினார். "அங்க பசியோட இருப்பினம்!"

திரும்பிப் போகும் வழியில் அனுஷன் வாய் திறந்தது ஒரேயொரு முறை. "அன்ரி, அவ கோவமா இருக்கிறாவா?"

"கோவமோ? தாயை விட்டிட்டு வரமாட்டன் எண்டு நிக்கிறா. நல்ல பிள்ளை. கெட்டியாப் பிடிச்சுக்கொள்ளும்."

அவன் வள்ளத்தின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அக்கா சொன்னது அதையல்ல.

ஒன்றே காலுக்குப் படகு வீட்டை அடைந்தார்கள். இதற்குள் அது இன்னும் சாய்ந்து, எதை வைத்தாலும் இடப்பக்கம் உருளுகிற நிலைக்கு வந்திருந்தது. கல்யாணம் அப்படியே நடந்தது. எல்லாரும் காற்றில் சாய்ந்த வாழைகள் மாதிரி ஒரே கோணத்தில் நின்றார்கள். சந்திரகலா அம்மாவின் கதிரை வழுக்காமல் இருக்க, சிறி அண்ணை அதன் காலோடு தன் காலை முட்டுக்கொடுத்து நின்றார். தேங்காய் ஒன்று தப்பி ஓடித் தண்ணீரில் விழுந்து மிதந்தது. ஜூடித் சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்லச் சறுக்கி இரண்டடி நகர்ந்துவிட்டார், ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை. சுற்றிவந்து நின்ற துடுப்புப் படகுக்காரர்கள் நாலைந்து பேர் துடுப்பால் தண்ணீரைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அனுஷன் தாலியைக் கட்டும்போது கிருஷ்ணசாமி அவனுடைய இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அந்தப் படத்தை நான் பார்த்தேன். அதில் எல்லாருக்கும் வாய் காதுவரை இருக்கிறது.

பதிவேட்டில் கையெழுத்துப் போட இரண்டு சாட்சி வேண்டும். முதலில் ஏற்பாடு செய்திருந்த நண்பர்கள் இருவரும் பொபின் ஹெட்டில் வடை தின்றுகொண்டிருந்தார்கள். பிரவீணா தாயைக் கூப்பிட்டாள். பிறகு திரும்பி, "ஆன்ட்டி, இன்னொண்ணு நீங்க போடுங்க," என்றாள்.

"நானோ? என்னை உமக்கு ஒண்டரை மணித்தியாலமாத்தானே தெரியும், பிள்ளை."

"இன்னிக்கு அது போதும் ஆன்ட்டி."

பதினெட்டு வருடமாக எத்தனையோ ஆயிரம் பேரை ஏற்றி இறக்கியவர். இறங்கியவர்களில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? அந்த இடத்தில் மட்டும் அக்காவுக்குக் கண் கலங்கிப்போயிற்று என்று சிறி அண்ணை சொன்னார். அக்கா அதை மறுத்து, "உப்புத்தண்ணி தெறிச்சது," என்றார். இரண்டும் இருக்கலாம். கையெழுத்துப் போட எடுத்த பேனை உருண்டோடியதால் மூன்று பேர் அதன் பின்னால் ஓடினார்கள்.

ஜூடித் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே பொபின் ஹெட்டில் இறக்கப்பட்டார். வெறுங்காலோடு கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார்.

ஐந்து மணிக்குச் சற்று முன்பு பெருக்கு வந்தது. படகு வீடு ஒரு பெருமூச்சு விட்டதுபோல நிமிர்ந்தது. கிருஷ்ணசாமி சுக்கானிடம் போனார். சந்திரகலா அம்மா பொல்லை நீட்டி வழி மறித்தார். மைத்துனர் ஒருவர் சுக்கானைப் பிடிக்க, முன்னால் 'விசர்' ஆழம் பார்த்து வழிகாட்ட, மாலைகள் எல்லாம் நேராகத் தொங்க, அந்த ஊர்வலம் ஓடை முழுவதையும் கடந்து துறைக்கு வந்தது. அங்கே பாலம் போட்டதும் சந்திரகலா அம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு தானாக நடந்து இறங்கினார். விருந்தாளிகளில் முக்கால்வாசிப் பேர் போகாமல் இருந்தார்கள். ஆறிப்போன சாம்பாரை ஆறு மணிக்குச் சாப்பிட்டார்கள். அதுபோல ருசி பிறகு கிடைக்கவில்லை என்று சேகர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறாராம்.

அக்காவையும் அண்ணையையும் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறினார்கள். கிருஷ்ணசாமி இரண்டு முறை நன்றி சொல்ல எழுந்து, இரண்டு முறையும் சொல் வராமல் இருந்துவிட்டார். மூன்றாம் முறை எழுந்து, அக்காவின் இலையில் இன்னும் ஒரு லட்டு வைத்தார்.

இப்போது அனுஷனும் பிரவீணாவும் நார்த்மீட்டில் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நால்வரும் சேர்ந்து போகிறார்கள். பிரவீணா லைசென்ஸுக்குப் படிக்கிறாள். போன மாதம் ஒரு நேர்ப்பகுதியில் அக்கா சுக்கானை அவளிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய்ச் சிறி அண்ணைக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். அந்த வள்ளத்தில் அவர் பயணியாக உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை. பாறையின் உச்சியிலிருந்து ஒரு கடற்கழுகு கல்லைப்போல விழுந்து, அவர்களுக்கு எட்டு முழத்துக்கு அப்பால் மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிற்று. சிறி அண்ணை எழுந்து நின்று, விசிலடித்துக் கை தட்டினார்.